இரும்புக்கை மாயாவியும் 30 மில்லி ஆம்பியரும்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது நான் இந்தத் தலைப்பைச் சொன்னேன். குழுவில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "ஏம்பா, ட்ரிபிள்-ஈ மூணாவது வருஷம் படிக்கிற, டிரான்ஸ்ஃபார்மர் பத்தி எழுதுவேன்னு பார்த்தா காமிக்ஸ் பத்தி எழுதறேங்கற?" என்று கேட்டார்கள். "முதல்ல படிச்சுப் பாருங்க, பிடிக்கலேன்னா கிழிச்சுப் போடுங்க" என்றேன். நீங்கள் இதைப் படித்துக்கொண்டு இருப்பதால், அவர்கள் கிழிக்கவில்லை என்று தெரிகிறது.

நான் ஒரு காமிக்ஸ் பைத்தியம். அதிலும் பேய்க்கதை காமிக்ஸும் சூப்பர் ஹீரோ காமிக்ஸும் என்றால் சோறு தண்ணி வேண்டாம். இந்தப் புத்தகங்கள் என்னை ஒரு முறை சாவின் பக்கம் கொண்டுபோய் விட்டன. அதே புத்தகங்கள்தான் என்னை இந்தத் துறைக்கும் கொண்டுவந்து சேர்த்தன. அந்தக் கதையையும், அதற்குள் ஒளிந்திருக்கும் நம் சிலபஸையும் சேர்த்து எழுதுகிறேன்.

தகரப் பெட்டி

எங்கள் வீடு திருப்போரூர். என் தாய்மாமா வயரிங் வேலை பார்ப்பவர். வீட்டுப் பரணில் அவருடைய பழைய தகரப் பெட்டி ஒன்று உண்டு. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மழை நாளில் கரண்ட் இல்லை. மாமா பெட்டியை இறக்கினார். உள்ளே பழுப்பேறிய சிறுசிறு புத்தகங்கள். கறையான் அரிக்காமல் இருக்க வேப்பிலை போட்டு வைத்திருந்தார். அவர் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் நீட்ட வராது. மூன்று விரலால் பக்கத்தைப் புரட்டியபடி, "இவன்தான்டா இரும்புக்கை மாயாவி" என்று காட்டினார். ஆள் இல்லை, ஒரு இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்துகொண்டு இருந்தது. நான் அன்றைக்கு விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

இந்தப் புத்தகங்களின் பிறப்பிடம் சிவகாசி. பட்டாசும் தீப்பெட்டியும் காலண்டரும் தந்த அதே ஊர்தான் தமிழனுக்குக் காமிக்ஸையும் தந்தது. 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. வெளியிட்டவர் சௌந்தரபாண்டியன்; ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். பிறகு 'பாம்புத் தீவு', 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்' என்று மாயாவி கதைகள் வரிசையாக வந்தன. 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதினேழு! நம்மில் பலரைவிடச் சின்ன வயது என்பதைக் கவனிக்கவும். அதே 1984-ல் சென்னையிலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. 2005-ல் அது நின்றுபோனது. 1986-ல், பயமுறுத்துவதற்கென்றே சிவகாசியிலிருந்து ஒரு தனிப் புத்தகம் வந்தது. பெயரே 'திகில்'. இடையில் சோர்ந்து கிடந்த லயன், 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' என்ற இதழோடு எழுந்து நின்றது. முத்து காமிக்ஸ் 2022-ல் பொன்விழா கண்டது.

கதைகள் உள்ளூர்ச் சரக்கு அல்ல. மாயாவி 1962-ல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவன். படம் போட்டவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். 'லயன்' என்ற இன்னொரு ஆங்கில வாரப் பத்திரிகையில் 1952-ல் பிறந்தது ரோபோ ஆர்ச்சி. நம்மவர்கள் அதற்குச் 'சட்டித்தலையன்' என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள். அதே பத்திரிகையில் 1965-ல் வந்தவன் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர். இவன் அமெரிக்க ஸ்பைடர்மேன் அல்ல, வேறு ஆள். ஆனால் ஒரு சுவாரசியம்: சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் பின்னால் இந்த ஸ்பைடர் கதைகளையும் எழுதினார். இங்கிலாந்தில் அந்தப் பத்திரிகைகள் நின்று பல வருஷம் ஆனபிறகும், அவர்களை உயிரோடு வைத்திருந்தது தமிழ்நாட்டுப் பெட்டிக்கடையும் பழைய புத்தகக் கடையும்தான்.

நமக்கு இது புதுசா?

"வெள்ளைக்காரன் கதை நமக்கெதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. முருகன் அசுரர்களோடு திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், திருச்செந்தூரில் கடலிலும், எங்கள் திருப்போரூரில் ஆகாயத்திலும் போர் செய்ததாக ஐதீகம். போர் நடந்த ஊர் என்பதால் போரூர். ஐப்பசி மாதம் கந்த சஷ்டியில் சூரசம்ஹாரம் பார்க்க ஆயா இடுப்பில் தூக்கிக்கொண்டு போனபோது, அசுரன் தலை மாறி மாறி வருவதைப் பார்த்து நான் பயந்து அழுதேனாம். அழுதுவிட்டு, "இன்னொரு தபா பாக்கலாம் ஆயா" என்றேனாம். ஆகாயத்தில் பறந்து சண்டை போடும் வீரன், உருவம் மாறும் வில்லன், பயம், கடைசியில் வெற்றி. எல்லாம் எங்கள் ஊர்க் கோயில் வாசலிலேயே இருக்கிறது.

மாமல்லபுரம் போனால் மகிஷாசுரமர்த்தினி குகையைப் பாருங்கள். சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு துர்க்கை வில்லை வளைக்கிறாள். எதிரே எருமைத் தலை அசுரன் கதாயுதத்தோடு பின்னால் சாய்கிறான். இன்னும் அடி விழவில்லை. ஆனால் தோற்கப் போவது யார் என்று தெரிந்துவிடுகிறது. நல்ல காமிக்ஸ் ஓவியன் ஒரு கட்டத்துக்குள் செய்ய நினைப்பதும் இதைத்தான். பெரிய பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் பார்த்தால், பல்லவர் காலத்துச் சிற்பிக்கு நகைச்சுவையும் கைவந்த கலை என்று புரியும்.

நான் மாயாவி ஆன கதை

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மாயாவியின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்காது. லூயிஸ் கிராண்டேல் ஒரு விஞ்ஞானக் கூடத்தில் உதவியாளன். விபத்தில் வலது கையை இழக்கிறான். அதற்குப் பதில் இரும்புக் கை பொருத்துகிறார்கள். இன்னொரு விபத்தில் பயங்கர மின்சாரம் அவன் உடம்பில் பாய்கிறது. உடம்பு மறைந்துவிடுகிறது, இரும்புக் கை மட்டும் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் உருவம் திரும்பிவிடும். மறுபடி மறைய வேண்டுமென்றால் மறுபடி மின்சாரத்தைத் தொட வேண்டும். ஆரம்பத்தில் இந்தச் சக்தி அவன் தலைக்கேறிக் கொள்ளையடிக்கிறான். பிற்பாடுதான் திருந்தி 'நிழல் படை' உளவாளி ஆகிறான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கரண்டைத் தொட்டால் மறைந்துவிடலாம் என்பது மட்டும் மண்டையில் ஏறியது. மறைந்தால் கணக்கு வகுப்புக்குப் போக வேண்டாம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் தூங்கும்போது, மர ஸ்டூலைப் போட்டு ஏறி, இடது கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, ஆயாவின் கொண்டை ஊசியைப் பிளக் பாயிண்டின் வலது ஓட்டையில் விட்டேன். பழைய காலத்து பிளக் பாயிண்ட். ஓட்டையை மூடும் ஷட்டர் கிடையாது. சுவிட்ச் 'ஆன்'-ல் இருந்தது.

நான் மறையவில்லை. யாரோ கையைப் பிடித்து உதறியது போல இருந்தது. ஸ்டூலோடு கீழே விழுந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த ஆயா தலையில் அடித்துக்கொண்டு அழுதது. "எல்லாம் அந்தப் பாழாப்போன பொஸ்தகத்தால வந்த வினை! அடுப்புல போடு!" என்றது. மாமா புத்தகத்தை அடுப்பில் போடவில்லை. என்னை அடிக்கவும் இல்லை. டெஸ்டரை எடுத்து வந்து அந்த வலது ஓட்டையில் வைத்துக் காட்டினார். விளக்கு எரிந்தது. இடது ஓட்டையில் எரியவில்லை. "இது ஃபேஸு, இது நியூட்ரல், மேல இருக்கறது எர்த்து. மர ஸ்டூல் மேல காய்ஞ்ச காலோட நின்னதால பொழைச்சே. ஈரத் தரையில நின்னிருந்தா நெசமாவே மறைஞ்சிருப்பே. படத்துல மாலை போட்டு மாட்டியிருப்போம்" என்றார்.

என் முதல் எலக்ட்ரிகல் வகுப்பு அதுதான்.

பாடம் 1: எவ்வளவு கரண்ட் ஆளைக் கொல்லும்?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம்மைக் கொல்வது வோல்ட் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் உடம்பு வழியாக ஓடும் ஆம்பியரும், அது ஓடும் நேரமும், போகும் பாதையும்தான் தீர்மானிக்கின்றன. சுமார் அளவுகள் இவை:

1 மில்லி ஆம்பியர்: லேசாகச் சுருக்கென்று தெரியும்.
10 முதல் 20 மில்லி ஆம்பியர்: தசை இறுகிவிடும். பிடித்ததை விட முடியாது. "கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு" என்று சொல்வது இதைத்தான். கரண்ட் இழுப்பதில்லை, நம் கையே மூடிக்கொள்கிறது.
50 முதல் 100 மில்லி ஆம்பியர்: மார்பு வழியாகப் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். சில நொடியில் உயிர் போகலாம்.

இப்போது ஓம் விதியைப் போடுவோம். காய்ந்த தோலின் தடை நிறைய. ஒரு கணக்குக்கு 1,00,000 ஓம் என்று வைத்தால் 230-ஐ அதால் வகுக்க, 2.3 மில்லி ஆம்பியர் வரும். அதே உடம்பு வியர்வையிலோ மழையிலோ நனைந்திருந்தால் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 230 மில்லி ஆம்பியர்! வீடு அதேதான், பிளக் பாயிண்ட் அதேதான், ஆளும் அதே ஆள்தான். ஒரு சொம்புத் தண்ணீர் நூறு மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குகிறது. ஸ்டூலில் நின்ற நான் பிழைத்ததும், இடது கை சுவரில் இருந்தும் சுவர் காய்ந்திருந்ததால்தான்.

இன்னொரு விஷயம். "ஃபியூஸ் இருக்கு, பயமில்லை" என்று நினைக்காதீர்கள். 5 ஆம்பியர் ஃபியூஸ் என்பது 5,000 மில்லி ஆம்பியர். உங்களைக் கொல்ல 100 போதும். ஆள் செத்து விழுந்தாலும் ஃபியூஸ் அசையாது. அது ஒயரைக் காப்பாற்ற வந்தது, ஆளைக் காப்பாற்ற அல்ல. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் எங்கேயோ கசிகிறது என்றால், அது ஒருவேளை ஒரு மனிதன் வழியாகப் பூமிக்குப் போகிறதோ என்று நினைத்து, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். என்னைக் கேட்டால் வீட்டு போர்டில் உட்கார்ந்திருக்கும் உண்மையான சூப்பர் ஹீரோ அதுதான். மாதம் ஒரு முறை அதன் 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள்.

பாடம் 2: மறைய முடியுமா?

மாயாவிக்கு முன்பே, 1897-ல் எச்.ஜி. வெல்ஸ் மறையும் மனிதனைப் பற்றி நாவல் எழுதிவிட்டார். அவர் சொன்ன வழி கொஞ்சம் விஞ்ஞானமாக இருக்கும்: உடம்பின் ஒளிவிலகல் எண்ணைக் காற்றின் எண்ணுக்குச் சமமாக்கிவிட்டால் ஒளி வளையாமல் நேராகப் போய்விடும், ஆள் தெரியமாட்டான். காற்றுக்கு அந்த எண் ஏறக்குறைய 1, தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5. தண்ணீரில் போட்ட கண்ணாடித் துண்டு சரியாகத் தெரியாமல் போவது இதனால்தான், 1.5-க்கும் 1.33-க்கும் இடைவெளி குறைவு.

ஆனால் ஒரு சிக்கல். கண் பார்க்க வேண்டுமென்றால் விழித்திரை ஒளியைப் பிடித்து நிறுத்த வேண்டும். முழுக்க மறைந்தவனின் கண்ணில் ஒளி நிற்காது, ஊடுருவிப் போய்விடும். ஆக, மறைந்த மாயாவி பார்வையற்றவன்! அவன் பாங்குப் பெட்டகத்தைத் தேடுவதற்குள் நாற்காலி தடுக்கி விழுந்திருப்பான். இதைச் சொன்னால் மாமா கோபித்துக்கொள்வார்: "கதையில கேள்வி கேக்காதடா, கிளாஸ்ல கேளு" என்பார்.

பாடம் 3: இரும்புக் கை பொய்யா?

மறைவது பொய். கை பொய்யில்லை. நம் தசை சுருங்கும்போது தோலின் மேல் மில்லி வோல்ட் அளவில் ஒரு மின் சைகை உண்டாகிறது. கை போனவருக்கும் மிச்சமிருக்கும் தசையில் அது உண்டாகும். அதை எலக்ட்ரோடால் பிடித்து, ஆம்ப்ளிஃபையரால் பெருக்கி, சின்ன டி.சி. மோட்டாரை ஓட்டினால் செயற்கை விரல்கள் மூடித் திறக்கும். 1960 வாக்கிலேயே ரஷ்யாவில் இப்படி ஒரு கையைச் செய்துவிட்டார்கள். அதாவது மாயாவி பத்திரிகையில் வருவதற்கு முன்பே! இன்று அதில் சென்சார், மைக்ரோ கண்ட்ரோலர், பாட்டரி என்று நம் மூன்று வருஷப் படிப்பும் அடக்கம். மெக்கானிகல் நண்பர்களுக்கு விரல் இணைப்புகள், கியர். நமக்கு மோட்டார், சர்க்யூட்.

நம் நாட்டிலும் ஒரு உதாரணம் உண்டு. 1968-ல் ராஜஸ்தானில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து 'ஜெய்ப்பூர் கால்' செய்தார்கள். ரப்பர், மரம் என்று சாதாரணப் பொருள்கள். வெறுங்காலோடு வயலில் நடக்கலாம், சம்மணம் போட்டு உட்காரலாம். நம் ஊர்க்காரன் எப்படி வாழ்கிறான் என்று தெரிந்த கை செய்த கால் அது. புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடும் நண்பர்கள் இதை யோசிக்கலாம்.

பாடம் 4: சிவில், மெக்கானிகல் நண்பர்களுக்கு

அமெரிக்க ஸ்பைடர்மேன் கதையில் 1973-ல் ஒரு பெரிய அதிர்ச்சி. காதலி க்வென் ஸ்டேசி பாலத்தின் உச்சியிலிருந்து கீழே விழுகிறாள். ஹீரோ வலையை வீசிப் பிடித்துவிடுகிறான். ஆனால் அவள் இறந்துவிடுகிறாள். விழுந்ததாலா, பிடித்ததாலா? ஜேம்ஸ் ககாலியோஸ் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் சூப்பர் ஹீரோக்களைப் பற்றி 2005-ல் எழுதிய புத்தகத்தில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாமும் போடுவோம்.

50 கிலோ எடை. சுமார் 80 மீட்டர் விழுந்தால் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 40 மீட்டர். உந்தம் 50 பெருக்கல் 40, அதாவது 2,000. இதை அரை நொடியில் நிறுத்தினால் விசை 4,000 நியூட்டன். 0.05 நொடியில், படக்கென்று நிறுத்தினால் 40,000 நியூட்டன்! உடம்பின் எடையைப் போல 80 மடங்கு. கழுத்து தாங்காது. ஆக, காப்பாற்றுவது வலை அல்ல, நேரம். மெதுவாக நிறுத்த வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன்? நம் பழைய மாமல்லபுரம் சாலையில் எழும்பிய அடுக்குமாடிகளைப் பாருங்கள். நாளைக்கு நம்மில் பலர் அந்த உயரங்களில் நிற்கப் போகிறோம். இடுப்பில் வெறும் கயிறு கட்டிக்கொண்டு "பெல்ட் போட்டாச்சு" என்று சொல்வது க்வென் ஸ்டேசி கதைதான். உடம்பு முழுக்கப் பிடிக்கும் ஹார்னஸும், இழுவையில் மெல்லப் பிரிந்து நேரத்தை நீட்டிக்கும் ஷாக் அப்சார்பரும் இருந்தால்தான் அது பாதுகாப்பு.

பேய்க்கதை படித்தால் கெட்டுப்போவோமா?

சூப்பர் ஹீரோவுக்காவது வக்காலத்து வாங்க ஆள் உண்டு. பேய்க்கதைக்கு யாரும் இல்லை. 1954-ல் அமெரிக்காவில் ஃப்ரெடரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், பிள்ளைகள் கெட்டுப்போவது காமிக்ஸால்தான் என்று புத்தகம் எழுதினார். செனட் விசாரணை நடந்தது. பதிப்பாளர்களே பயந்துபோய்க் கட்டுப்பாட்டு விதிகள் போட்டுக்கொண்டார்கள். பேய்க் காமிக்ஸ் கம்பெனிகள் படுத்துவிட்டன. 1955-ல் இங்கிலாந்து சட்டம் போட்டது. 1956-ல் நம் இந்தியாவும், இளையோருக்குத் தீங்கு செய்யும் வெளியீடுகளைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. படங்களோடு குற்றம், கொடூரம், அருவருப்பான பயங்கரம் இவற்றைக் காட்டி இளம் மனதைக் கெடுக்கும் புத்தகங்களை அது குறிவைத்தது. வேடிக்கை என்னவென்றால், 2012-ல் கேரல் டில்லி என்ற ஆராய்ச்சியாளர் வெர்தாமின் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்து, அவர் தன் ஆதாரங்களைத் தனக்கு ஏற்ற மாதிரி திருத்தியிருந்தார் என்று காட்டினார்.

அதற்காக ஆயா சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒன்பது வயதில் கொண்டை ஊசியை விட்டவன் நான்தானே! ஆனால் யோசித்துப் பாருங்கள். என்னை அங்கே கொண்டுபோனது சூப்பர் ஹீரோ கதை. அதற்கு முன் நான் ஒரு நல்ல பேய்க்கதை படித்திருந்தால் ஒருவேளை போயிருக்க மாட்டேன். பேய்க்கதைகள் பெரும்பாலும் என்ன சொல்கின்றன? "அந்தக் கதவைத் திறக்காதே" என்று ஒருவன் சொல்வான், இன்னொருவன் திறப்பான், அனுபவிப்பான். எச்சரிக்கைப் பலகையைப் படிக்காதவனின் கதைதானே அது?

உலகத்தின் பெரிய திகில் கதை ஒன்று நம் துறையிலிருந்தே வந்தது தெரியுமா? 1780-களில் இத்தாலியில் கால்வனி, செத்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டார். அவருடைய மருமகன் ஆல்டினி 1803-ல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் உடலில் பாட்டரிக் கம்பிகளை வைத்தார். தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது. பார்த்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள். இந்தப் பேச்சுகள் உலவிய காலத்தில்தான் மேரி ஷெல்லி என்ற இளம்பெண் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' எழுதினார். 1818-ல் அது வெளிவந்தபோது அவருக்கு வயது இருபது. ஃப்ராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது பூதத்தைச் செய்தவனின் பெயர். செய்துவிட்டு, பார்த்துப் பயந்து, பொறுப்பேற்காமல் ஓடிப்போனவனின் பெயர். இயந்திரம் செய்யப் போகிற நமக்கு இதைவிட நல்ல பாடம் எது?

மாமாவின் விரல்கள்

இப்போது அந்த இரண்டு விரல்களுக்கு வருகிறேன். சின்ன வயதில், மாமாவுக்கும் ஒரு 'இரும்புக் கை' உண்டு, அதனால்தான் விரல் மடங்கியே இருக்கிறது என்று நம்பினேன். பள்ளியில் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். டிப்ளமோவில் சேர்ந்த அன்று ராத்திரி, நானே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

வெளியூரில் ஒரு கட்டட வேலை. த்ரீ-ஃபேஸ் போர்டில் ஒரு நட்டு லூஸாக இருந்தது. கூட இருந்த பையன், "மெயினை ஆஃப் பண்ணிட்டு வரட்டாண்ணே?" என்று கேட்டான். "ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்குடா ஆஃப்பு? நான் பார்க்காத கரண்டா?" என்றார் மாமா. ஸ்பேனர் வழுக்கி இரண்டு ஃபேஸுக்கு நடுவே விழுந்தது. வெடிச் சத்தம், வெளிச்சம். அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். கண் தப்பியது பூர்வ புண்ணியம். கை வெந்து, ஆறி, இரண்டு விரல் மடங்கிப் போனது.

"யாரையும் குத்தம் சொல்ல முடியாதுடா. அன்னிக்கு எங்கிட்ட தைரியம் இருந்துச்சு. பயம்தான் இல்ல" என்றார்.

அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன் நண்பர்களே. லேபில், வேலையிடத்தில், "பயந்தாங்கொள்ளி" என்ற பட்டத்துக்கு அஞ்சித்தான் நாம் பல தப்பு செய்கிறோம். சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தைரியத்தைக் கொடுக்கிறது. அது வேண்டும், இல்லையென்றால் மின்கம்பத்தில் ஏறவே மாட்டோம். திகில் காமிக்ஸ் பயத்தைக் கொடுக்கிறது. அதுவும் வேண்டும், இல்லையென்றால் ஏறியவன் இறங்கமாட்டான். இரண்டையும் படித்தவன்தான் நல்ல டெக்னீஷியன் என்பது என் கட்சி.

ரசிகனின் ஐந்து விதிகள்

1. மெயினை ஆஃப் செய். ஃபியூஸ் கேரியரைக் கழற்றி உன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள். போர்டில் "ஆள் வேலை செய்கிறார்" என்று அட்டை மாட்டு.

2. ஆஃப் செய்தாலும் நம்பாதே, டெஸ்ட் செய். டெஸ்டரே கெட்டிருக்கலாம். முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு இங்கே வை.

3. ஈரக் கை, வெறுங்கால் வேண்டாம். மோதிரம், கைச் சங்கிலியைக் கழற்று.

4. கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யாமல் தொடாதே. சுவிட்சை அணைத்த பிறகும் தாக்கும் பேய் அது ஒன்றுதான்.

5. யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால், ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்காதே. முதலில் சுவிட்ச். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்கு. ஹை டென்ஷன் லைன் என்றால் அதுவும் கூடாது, கிட்டேயே போகாதே. 108-க்குச் சொல். மூச்சு இல்லையென்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்து. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதே.

தகரப் பெட்டி இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வேப்பிலையை நான்தான் மாற்றுகிறேன். யாருக்காவது படிக்க வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அட்டையைக் கிழித்தால் மட்டும் நான் சும்மா இருக்கமாட்டேன்!

எல்லோரும் கையும் காலும் பத்து விரலுமாக டிப்ளமோவை முடித்து, அப்படியே ஓய்வுபெறும் வயதுவரை வேலை பார்த்து, பேரப் பிள்ளைகளுக்கு மாயாவி கதை சொல்ல வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.